விதி என்று சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. சமையலை முடித்துவிட்டு, இல்லை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த பிறகு, நிதானமாகப் படியுங்கள். விஷயம் சினிமா. "டீச்சர் சினிமாவைப் பற்றி எழுதுறாங்களா?" என்று சிரிக்க வேண்டாம். நான் உங்களுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுத்த காலத்திலும் சினிமா பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் அக்கா பேரன் சென்னையில் விஸ்காம் படிக்கிறான். அவனுக்கு இந்த செமஸ்டரில் 1930களின் பிரெஞ்சு சினிமா ஒரு பாடம். 'பொயட்டிக் ரியலிசம்' என்று பெயராம். நம் பாஷையில் கவித்துவ யதார்த்தம் என்று வைத்துக்கொள்ளலாம். விடுமுறையில் என் வீட்டில் வந்து தங்கியபோது லேப்டாப்பில் அந்தப் படங்களைப் போட்டான். நானும் கூட உட்கார்ந்து நான்கைந்து படம் பார்த்தேன். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தோம். முடிந்ததும் அவன் கேட்டான்: "சின்னப்பாட்டி, எல்லாப் படத்துலயும் கடைசியில ஹீரோ செத்துப்போறான், இல்லன்னா எல்லாத்தையும் இழந்துட்டு நிக்கிறான். எல்லாம் விதின்னு சொல்றாங்க. இதுல என்ன கவிதை இருக்கு? நம்ம ஊர் அழுகாச்சிப் படம்தானே இது?"

நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லத் தோன்றுகிறது. காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் தங்களுக்கு நேர்ந்ததை 'விதி' என்ற ஒரே வார்த்தையில் மூடிவைத்துவிடுவதை நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் பிரெஞ்சுப் படங்களைப் பற்றிக் கொஞ்சம்.

மார்செல் கார்னே என்பவர் இயக்குநர். ழாக் பிரெவெர் என்ற கவிஞர் அவருக்கு வசனம் எழுதினார். கவிஞரே வசனம் எழுதியதால் சாதாரண ஆட்கள் பேசும் சாதாரணப் பேச்சிலேயே ஒரு இசை இருக்கும். 1938-ல் இருவரும் சேர்ந்து எடுத்த படத்தின் பெயருக்கு 'மூடுபனித் துறைமுகம்' என்று பொருள் சொல்லலாம். ராணுவத்திலிருந்து ஓடிவந்த ஒரு சிப்பாய் லெ ஆவ்ர் என்ற துறைமுகத்துக்கு வருகிறான். ழான் காபன் என்ற நடிகர். வழியில் ஒரு நாய் அவனோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். கப்பலேறி வெனிசுவேலாவுக்குப் போய்விடலாம், புது வாழ்க்கை தொடங்கலாம் என்று நினைக்கிறான். கப்பலில் ஏறியும் விடுகிறான். அவளை இன்னொரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்குகிறான். தெருவில் ஒரு ரவுடி சுட்டுவிடுகிறான். அந்தப் பக்கம் கப்பல் சங்கு ஊதுகிறது. கட்டிவைத்திருந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவருகிறது. அவ்வளவுதான் கதை.

அடுத்த வருஷம், 1939-ல், இன்னொரு படம். 'பொழுது விடிகிறது' என்று தலைப்பு. அதிலும் காபன்தான். ஒரு தொழிலாளி ஒருவனைச் சுட்டுவிட்டு மாடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்கிறான். கீழே போலீஸ், தெருவெல்லாம் கூட்டம். ராத்திரி முழுக்க அவன் நடந்ததையெல்லாம் நினைத்துப் பார்க்கிறான். விடியும்போது தன்னையே முடித்துக்கொள்கிறான். தினமும் அவனை வேலைக்கு எழுப்பும் அலாரம் கடிகாரம் அப்போது மணியடிக்கத் தொடங்குகிறது. எழுந்து அதை நிறுத்த ஆளில்லை.

இவர்களெல்லாம் ராஜா, ஜமீன்தார் கிடையாது. ஓடிப்போன சிப்பாய், பட்டறைத் தொழிலாளி, ரயில் ஓட்டுபவர், படகுக்காரர். அதுதான் யதார்த்தம். பனி, ஈரமான தெரு, தனியாக எரியும் ஒரு விளக்கு, தூரத்தில் கேட்கும் சங்கு இவையெல்லாம் அவர்கள் வாய்விட்டுச் சொல்லாததைச் சொல்லும். அதுதான் கவிதை. இத்தனைக்கும் அந்தத் தெருக்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். பார்க்கும்போது தெரியவே தெரியாது.

அந்தக் காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1936-ல் பிரான்சில் தொழிலாளர் பக்கம் நின்ற கட்சிகள் கூட்டணியாக ஆட்சிக்கு வந்தன. சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தது, வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று சட்டம் வந்தது. ஜனங்கள் கொண்டாடினார்கள். இரண்டே வருஷத்தில் அந்த நம்பிக்கை கலைந்தது. பக்கத்தில் ஹிட்லர். 1939-ல் போர். 'பொழுது விடிகிறது' படம் ஜனங்களின் மனவுறுதியைக் குலைக்கிறது என்று சொல்லி அப்போதே தடை செய்தார்கள். 1940-ல் பிரான்ஸ் தோற்றது. தோல்விக்கு இந்த மாதிரிப் படங்களும் காரணம் என்று புதிய அரசாங்கத்து ஆட்கள் பேசினார்கள். புயல் வந்ததற்கு, வரப்போகிறது என்று காட்டிய கருவியைக் குற்றம் சொல்வார்களா என்று கார்னே திருப்பிக் கேட்டதாகச் சொல்வது வழக்கம்.

கடற்கரைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால், கூண்டைப் பிடித்து யாரும் திட்டுவதில்லை. படகைக் கரையேற்றுகிறோம்.

இப்போது பேரனின் கேள்விக்கு வருகிறேன். நம்மிடம் இப்படி உண்டா? உண்டு. சினிமா வருவதற்கு வெகுகாலம் முன்பே உண்டு.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் ராஜா அல்ல, வியாபாரி வீட்டுப் பிள்ளை. கதாநாயகி அவன் மனைவி. புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழோடு உட்கார்ந்து பாடுகிறார்கள். அவன் பாட்டில் வேறொரு பெண் இருக்கிறாளோ என்று அவளுக்கு ஐயம். அவள் பாட்டைக் கேட்டு அவனுக்கும் அதே ஐயம். கடற்கரையில் இரண்டு பாட்டு. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாட்டும் கடலும் சாயும் பொழுதும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் அழிவைத் தொடங்கிவைக்கின்றன. பிரெவெர் என்ன, அவருக்கு முன்பே இளங்கோ இருந்தார்.

நெய்தல் திணையை நினைவிருக்கிறதா? கடலும் கடல் சார்ந்த இடமும் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பீர்களே. அதன் உரிப்பொருள் இரங்கல். பொழுது சாயும் நேரம், கடற்கரை, புன்னை மரம், திரும்பி வராத படகு இவற்றைச் சொன்னாலே போதும், அந்தப் பெண்ணின் மனசைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இடமும் நேரமும் மனசைச் சொல்லும். லெ ஆவ்ர் துறைமுகத்துப் பனி செய்வதும் இதைத்தான். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தனியாக உட்கார்ந்து பாருங்கள். டூரிஸ்ட் கூட்டம், சங்கு விற்கிறவர், குதிரைக்காரர் எல்லாரையும் தாண்டி அது உங்களிடம் வந்து சேரும்.

சிலப்பதிகாரத்தில் முக்கியமான ஒன்று உண்டு. பதிகம் சொல்லும் மூன்று உண்மைகளில் ஒன்று ஊழ். முன்வினை தேடிவந்து தீரும் என்கிறார் இளங்கோ. சரி, ஊழ்தான். ஆனால் அந்த ஊழ் எந்த வழியாக வந்தது? ஒரு பொற்கொல்லனின் பொய் வழியாக வந்தது. ஒரு ராஜா விசாரிக்காமல் கொடுத்த அவசர ஆணை வழியாக வந்தது. மாதவி எழுதிய முதல் கடிதத்தைக் கோவலன் வாங்க மறுத்ததன் வழியாக வந்தது. அத்தனையும் மனுஷர்கள் செய்தது. அதனால்தான் கண்ணகி, 'என் தலையெழுத்து' என்று மாதரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. இன்னொரு சிலம்பை எடுத்துக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போனாள். கேள்வி கேட்டாள். ராஜா தன் தவற்றை ஒப்புக்கொண்டு உயிரை விட்டான்.

விதிக் கதை என்றால் இப்படி இருக்க வேண்டும். படித்து முடித்ததும், 'இதை எந்த இடத்தில் யார் தடுத்திருக்கலாம்?' என்று நம்மைக் கேட்க வைக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். மீதியெல்லாம் அதற்கு உதாரணம்.

நம் தமிழ் சினிமாவில் இந்த மாதிரி கேள்வி கேட்கவைத்த காலம் என்று 1977-லிருந்து 1982 வரை சொல்வேன். எமர்ஜென்சி முடிந்த நேரம். பட்டம் வாங்கிய பையன்கள் வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்த நேரம். சினிமாவும் கோடம்பாக்கம் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் செட்டுக்குள் தெருவைக் கட்டினார்கள். நம்மவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கும் மலைக்கும் போனார்கள். பாரதிராஜா, மகேந்திரன், பாலு மகேந்திரா, துரை என்று ஒரு வரிசை.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 1979-ல் வந்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்த கதை. சுந்தரவடிவேலு என்று ஒரு ஊர்ப் பெரிய மனிதன். கையை ஓங்காமலே பெண்டாட்டியை அணுஅணுவாகச் சாகடிக்கிறவன். அவள் லட்சுமி, நோயாளி, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அவளுடைய தங்கையையே தனக்கு இரண்டாந்தாரமாகக் கேட்கிறான். லட்சுமி செத்துப்போகிறாள். கடைசியில் அவன் செய்யும் ஒரு அக்கிரமத்தைப் பொறுக்காமல் ஊரே திரண்டு அவனை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. இறங்குவதற்கு முன்னால், நல்லவர்களாக இருந்த நீங்களும் இன்று என்னைப்போல ஆகிவிட்டீர்கள் என்கிற அர்த்தத்தில் ஒன்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் நடக்கிறான். கரையில் இரண்டு குழந்தைகள்.

தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "பாவம், அவ விதி" என்று லட்சுமிக்காக மூக்கைச் சிந்தினார். விதியா? அந்த ஊரில் எல்லாருக்கும் அவன் எப்படிப்பட்டவன் என்று தெரியும். மாமனாருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. 'அது அவங்க குடும்ப விஷயம்.' கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒருவனைத் தண்ணீரில் இறக்க முடிந்தது. அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருந்தால் லட்சுமி பிழைத்திருக்கலாமே? மகேந்திரன் இதை வசனமாகச் சொல்லவில்லை. அந்த இரண்டு குழந்தைகளைக் காட்டிவிட்டு விட்டுவிட்டார். அசோக்குமாரின் கேமராவும் இளையராஜாவின் இசையும் நம்மை உலுக்கவில்லை. மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன.

அடுத்தது 'மூன்றாம் பிறை', 1982. பாலு மகேந்திரா மட்டக்களப்புப் பக்கத்துக்காரர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். வெளிச்சத்தைக்கூட பாத்திரமாக்கிவிடுவார். அந்தப் படத்துக்காகக் கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் கிடைத்தன. கதாநாயகன் சீனு ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எனக்குப் பிடிக்க அது ஒன்று போதாதா! விபத்தில் நினைவிழந்து குழந்தைபோல ஆகிவிட்ட ஒரு பெண்ணைத் தகாத இடத்திலிருந்து மீட்டுக்கொண்டு வந்து ஊட்டியில் காப்பாற்றுகிறான். அதிலும் ஒரு நாய்க்குட்டி உண்டு, சுப்பிரமணி. கடைசியில் அவளுக்குப் பழைய நினைவு வருகிறது. இவனை மறந்துபோகிறது. மழையில் ரயில் நிலையத்தில் அவன் குரங்குபோல ஆடிக் காட்டுகிறான். யாரோ பைத்தியக்காரன் என்று நினைக்கிறாள். ரயில் போய்விடுகிறது. அங்கே கப்பல் சங்கு, இங்கே ரயில்.

இதைப் பார்த்து அழாதவர் அபூர்வம். நானும் அழுதேன். ஆனால் அழுது முடித்த பிறகு யோசியுங்கள். அவளுடைய பெற்றோர் அவளைத் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் குணமான அன்று அப்பாவும் போலீசும் வைத்தியர் வீட்டுக்கு வருகிறார்கள். சீனு ஏன் அங்கே போய் நிற்கவில்லை? போலீஸ் பயம். தப்பே செய்யாத ஒரு வாத்தியார், ஒரு பெண்ணைக் காப்பாற்றியவன், போலீசைப் பார்த்து ஒளிந்துகொள்கிறான். 'எங்கிருந்து கூட்டிவந்தாய், எத்தனை நாள் வைத்திருந்தாய், என்ன உறவு?' என்று கேட்பார்கள் என்ற பயம். அந்த ஒரு மணி நேரம் அவன் வெளியே வந்து நின்றிருந்தால், 'இவர்தான் உன்னைக் காப்பாற்றினார்' என்று வைத்தியராவது அவளிடம் சொல்லியிருப்பார். விதி என்று நாம் சொல்வது அங்கே ஒரு நல்ல மனுஷனின் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தை அவனுக்குள் வைத்தது யார்? நாம்தான், நம் சமூகம்தான்.

கடற்கரைக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். 1965-ல் வந்த 'செம்மீன்', மலையாளப் படம். தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவல், ராமு காரியத் இயக்கியது. ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கியது. கரையில் இருக்கும் பெண்டாட்டி நெறி தவறினால் கடலில் இருக்கும் புருஷனைக் கடலம்மா எடுத்துக்கொள்வாள் என்ற நம்பிக்கைதான் கதையின் முதுகெலும்பு. படம் அழகு. கடல் அத்தனை அழகு. முடிவில் மூன்று உயிர்கள் போகின்றன.

நான் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள். விடியற்காலையில் மீன் கூடையோடு பஸ் பிடித்துச் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று போய் விற்று, பத்து ரூபாய் சேர்த்துப் பிள்ளைக்கு நோட்டு வாங்கிக் கொடுத்த அம்மாக்கள் எனக்குத் தெரியும். கடலுக்குப் போனவன் திரும்பாததற்குக் காரணம் காற்று, பழைய இன்ஜின், லைஃப் ஜாக்கெட் இல்லாதது. கரையில் நிற்கும் பெண்ணின் நடத்தையா காரணம்? 'செம்மீன்' பார்த்துவிட்டு ஒருவர் 'கடலம்மா தண்டித்துவிட்டாள்' என்று எழுந்து போகலாம். இன்னொருவர் 'ஒரு பொய்யான நம்பிக்கை மூன்று பேரைக் கொன்றுவிட்டதே' என்று எழுந்து போகலாம். ஒரே படம்தான். இரண்டாவது ஆளாக எழுந்து போங்கள் என்றுதான் நான் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கதையிலும் விதி பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் எழுதப்படுகிறது என்பதையும் கவனியுங்கள்.

இனி, நான் ஒத்துக்கொள்ளாத வகை. சோகப் படங்களில் இன்னொரு ஜாதி உண்டு. 1953-ன் 'தேவதாஸ்' அதற்கு மூத்த அண்ணன். நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் எத்தனை நன்றாக நடித்திருக்கிறார்கள், கண்டசாலாவின் குரல் எப்படிப்பட்டது, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்வதியைக் கூட்டிக்கொண்டு போகத் தைரியம் இல்லாமல் குடித்தே அழியும் ஒருவனை அந்தப் படம் தியாகி ஆக்கிவிட்டது. 1980-ல் வந்த 'ஒருதலை ராகம்' பையன்களை என்ன பாடு படுத்தியது என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். கடைசிவரை மனசைச் சொல்லாமல் இருந்து, அவள் சொல்ல வரும்போது அவன் ரயிலில் பிணமாக இருப்பான். தாடி வளர்ப்பதே ஒரு பட்டம் வாங்கியதுபோல ஆகிவிட்டது அந்த வருஷம்.

இந்த வகைப் படத்தில் 'யார் தடுத்திருக்கலாம்?' என்ற கேள்வி வராது. 'நானும் இப்படி அழிந்தால் எத்தனை அழகாக இருக்கும்' என்ற ஆசைதான் வரும். அதுதான் வித்தியாசம். இரண்டிலும் ஹீரோ சாகிறான், இரண்டிலும் நல்ல பாட்டு, இரண்டிலும் மழை. ஆனால் ஒன்று கண்ணைத் திறக்கிறது, மற்றது கண்ணுக்குள் புகை ஊதுகிறது.

ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களும் சொல்ல வேண்டாம். என்னிடம் படித்த ஒரு பையன். கணக்கில் கெட்டிக்காரன், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். பிறகு ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஒரு பெண்ணை விரும்பினான், அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. குடிக்க ஆரம்பித்தான். கூட்டாளிகள் அவன் ஆட்டோவின் பின்னால் காதல் தோல்வி வாசகம் எழுதிக் கொடுத்தார்கள். செல்போனில் சோகப் பாட்டு போட்டுக் கொடுத்தார்கள். தினமும் ஒருவன் வாங்கிக் கொடுத்தான். முப்பத்தொரு வயதில் ஈரல் கெட்டுச் செத்துப்போனான்.

துக்கத்துக்குப் போயிருந்தேன். தெருமுனையில் பத்தடிக்கு பேனர். கூலிங் கிளாஸ் போட்ட அவன் படம், காதலுக்காக வாழ்ந்தவன் என்று பெரிய எழுத்து, கீழே இருபது கூட்டாளிகளின் முகம். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர், இந்த இருவது பேர்ல ஒருத்தன் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருந்தா என் புள்ள இருந்திருக்குமே."

விதி என்றுதான் ஊரார் பேசிக்கொண்டு போனார்கள். அந்தத் தாய் மட்டும் விதி என்று சொல்லவில்லை. அவருக்குச் சரியான இடம் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாத அந்த அம்மாவுக்குக் கண்ணகியின் கேள்வி தெரிந்திருந்தது.

"எல்லாவற்றையும் மனுஷர்கள் மேல் போட்டுவிட்டால் எப்படி டீச்சர்? நம் கையில் இல்லாதது ஒன்றுமே இல்லையா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயம். இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கடலை யார் தடுக்க முடியும்? பூமி அசைந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது இதுவரை பார்க்காத பாறைகள் தெரிந்தன. அலை திரும்பிப் போன பிறகு மணல் அரித்து, பழைய காலத்தில் செதுக்கிய கற்கள் வெளியே வந்தன. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது புதையல். குப்பத்துக்கு அது பிணக்கணக்கு. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் போனார்கள். அதிகம் நாகப்பட்டினத்தில். 'கடல் எழுதின எழுத்து டீச்சர்' என்று பெரியவர்கள் சொன்னபோது எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் என் மனசை விட்டுப் போகவே இல்லை. சுமத்திரா பக்கத்தில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில். அலை நம் கரைக்கு வந்தது ஒன்பது மணிக்குச் சற்று முன்பின். இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு குப்பத்து ஜனம் முழுவதும் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி மேடான இடத்துக்கு நடந்தே போயிருக்கலாம். சொல்ல ஆளில்லை, சொல்லும் ஏற்பாடு இல்லை. 2007-ல்தான் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இப்போது கடலடியில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டால் சில நிமிஷங்களில் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆக, அலை விதி. அந்த இரண்டு மணி நேரம் விதியல்ல. எந்தத் துயரத்திலும் இப்படி இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி 'விதி' என்று எழுதிவிட்டால், அடுத்த அலைக்கும் யாரும் மையம் கட்ட மாட்டார்கள். நல்ல சோகப் படம் அந்த மூட்டையை அவிழ்த்துக் காட்டுகிறது. அந்த வேலையைப் பாடப் புத்தகத்தைவிட நன்றாகச் செய்கிறது, ஏனென்றால் அழுத கண்ணோடு யோசிக்க வைக்கிறது.

இளைய தலைமுறைக்காகப் புதிய படம் ஒன்றும் சொல்கிறேன். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', 2018. சாதியின் பெயரால் கொன்று தண்டவாளத்தில் போட்டுவிட்டு, தானாகச் செத்தான் என்று கதை கட்டும் கொடுமையைப் பேசும் படம். பழைய படமாக இருந்தால் அந்தத் தண்டவாளத்தோடு கதை முடிந்திருக்கும், நாமும் அழுதுவிட்டு வந்திருப்போம். இதில் அந்தப் பையன் எழுந்துவிடுகிறான். எழுந்து, அந்தப் பெண்ணின் அப்பாவிடம் உட்கார்ந்து பேசுகிறான். கடைசியில் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. அதுவும் கவிதைதான், அதுவும் யதார்த்தம்தான். விதியை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார் இயக்குநர். எண்பது வருஷத்துக்கு முன் லெ ஆவ்ர் தெருவில் விழுந்தவன் செங்கல்பட்டுக்குத் தெற்கே எங்கோ எழுந்து நின்றதுபோல எனக்கு இருந்தது.

அதனால் பிள்ளைகளே, "சோகப் படம் வேண்டாம், மனசு கஷ்டப்படும்" என்று உங்கள் குழந்தைகளிடமிருந்து இவற்றை ஒளித்துவைக்காதீர்கள். பத்தாவது தாண்டிய பிள்ளை என்றால் கூட உட்கார்ந்து பாருங்கள். 'உதிரிப்பூக்கள்' பாருங்கள், 'மூன்றாம் பிறை' பாருங்கள், பாலு மகேந்திராவின் 'வீடு' பாருங்கள். கிடைத்தால் அந்தப் பிரெஞ்சுப் படங்களையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முடிந்ததும் ஒரே ஒரு வீட்டுப்பாடம்: இந்தக் கதை இப்படி முடியாமல் இருக்க, எந்தெந்த இடத்தில், யார், என்ன செய்திருக்கலாம்? ஐந்து இடம் எழுதச் சொல்லுங்கள். என் பேரன் 'மூடுபனித் துறைமுக'த்துக்கு மூன்று எழுதினான். இன்னும் இரண்டு பாக்கி.

கடைசியாக ஒன்று. உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்போது 'என் விதி அவ்வளவுதான்' என்று ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தால், அழுகிற முகம் ஒன்றைத் தட்டி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். போன் பண்ணுங்கள். பக்கத்தில் இருந்தால் நேரில் போங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். வேண்டுமானால் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பேனருக்கு ஆகும் பணத்தைவிட அதற்குச் செலவு குறைவு.

எல்லாரும் நலமாக இருங்கள். உங்கள் வீட்டில் அந்த ஐந்து இடங்களை எழுதினால் எனக்கும் அனுப்புங்கள். சிவப்பு மை பேனா இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்